பள்ளிக்கு வெளியே ஒரு மணி நேரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இதற்கு முன் நான்கு முறை பேசியிருக்கிறேன். நான்கு முறையும் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் என் உரையில் வந்து போயினர். தருமபுரியில் பேசுகிற தமிழாசிரியருக்கு அது தவிர்க்க இயலாத வழக்கம் ஆகிவிட்டது. இவ்வாண்டு அந்நெல்லிக்கனியை அதன் மரத்திலேயே விட்டுவைக்க எண்ணுகிறேன். தனிப்பாடம், வழக்குச் சொல்லில் டியூஷன், என்பது குறித்துப் பேச விரும்புகிறேன் என்று நான் சொன்னபோது விழாக்குழுவினர் சற்றுத் திகைத்தனர். இலக்கிய வட்டத்தில் டியூஷனா என்று ஒருவர் கேட்டே விட்டார். அவருக்குரிய விடையைத் தமிழ்த்தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

உ.வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் கற்ற வகை எத்தகையது என்பதை அவருடைய ‘என் சரித்திரம்’ விரிவாகச் சொல்கிறது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த நூல் அது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டார். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார் கிடைக்கும் ஊர்களை நாடித் தந்தையார் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு அலைந்தார். 1871ஆம் ஆண்டில் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876இல் பிள்ளையவர்கள் மறையும் வரை அத்தொடர்பு நீடித்தது. சங்க நூல்கள் அச்சேறி நம் கைக்கு வந்த கதைக்கு முன்னுரையாக நிற்பது, ஆசிரியர் ஒருவர் மாணவன் ஒருவனை எதிரில் அமர்த்திப் பாடம் சொன்ன அந்தச் சில ஆண்டுகளே. ஆகவே இலக்கிய வட்டத்திற்கு இப்பொருள் அயலானது அன்று.

ஆனால் நான் இங்கே பேச வந்தது மேதைகளைப் பற்றியன்று. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, தன் பெயர் அழைக்கப்படாதிருக்க வேண்டுமே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி. அக்குழந்தையை எனக்கு நன்றாகத் தெரியும். 1990ஆம் ஆண்டில், பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஐந்தாம் வகுப்பில் அவ்வாறு அமர்ந்திருந்தவள் நான்தான்.

எனக்கு வகுத்தல் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, வந்ததும் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுவதே பொருந்தும். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தவறிவிட்டு வீட்டோடு இருந்தவர். மாதம் ஒரு படி கேழ்வரகு கொடுத்து, அம்மா என்னை அவர் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பினார். கணக்கில் தவறியவரிடம் கணக்குக் கற்க அனுப்பியதை ஊரார் கேலி செய்தனர். அது புளிக்காலம். நம் மாவட்டத்தில் மாசி பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டும் ஓசை கேட்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவும் அவர் தாயாரும் ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஆறு பிள்ளைகளும் கூடவே தட்டிக்கொண்டே பாடம் கேட்போம்.

ஒரு நாள் அக்கா 47 புளியங்கொட்டைகளை எண்ணி என் முன் கொட்டி, “ஆறு பேருக்கும் சமமாகப் பங்கிடு” என்றார். ஆளுக்கு ஏழு வைத்தேன். ஐந்து கொட்டைகள் எஞ்சின. நான் உடனே எல்லாவற்றையும் வாரிக் குவித்துவிட்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து பங்கிட்டேன். மீண்டும் ஐந்து. மூன்றாம் முறை வாரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் அழிக்கிறாய்?” என்று கேட்டார். “மிச்சம் வருகிறதே, தப்பு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “மிச்சம் வந்தால் தப்பு என்று உனக்கு யார் சொன்னார்?” என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. தொடக்கத்தில் எங்களுக்குப் போடப்பட்ட கணக்குகள் யாவும் மீதியின்றி வகுபட்டன. ஆகவே மீதி வந்தால் பிழை என்று நானாக ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். பள்ளியில் மீதி வரும்போதெல்லாம் பலகையை எச்சில் தொட்டு அழித்துவிட்டு வெறும் பலகையைக் காட்டி அடி வாங்கினேன். சரியான விடையை எழுதி, அதைத் தவறென்று அஞ்சி அழித்திருக்கிறேன், ஏறத்தாழ ஓராண்டுக் காலம்.

அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆசிரியருக்கு இது எவ்வாறு தெரிந்திருக்கும்? அவர் கண்டது வெறும் பலகையை மட்டுமே. அழிக்கும் கையைக் கண்டவர் அக்கா. தனிப்பாடத்தின் பயனைப் பற்றி நான் படித்த ஆய்வுரைகள் பல. அவை அனைத்தும் எனக்கு அந்தத் திண்ணையையே நினைவூட்டுகின்றன.

அவற்றுள் இரண்டை மட்டும் சுருங்கச் சொல்கிறேன். அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியே அமர்த்திச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்ற நூறு பேரில் 98 பேரை விஞ்சி நின்றார் என்பது அவர் கண்ட முடிவு. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பயனைக் காணவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆயினும் பயன் உண்டு என்பதில் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்னும் அமைப்பு, பின்தங்கிய குழந்தைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியே அழைத்து, அப்பகுதியிலேயே வாழும் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்தது. அப்பெண்களுக்குப் பாலசகி என்று பெயர். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். ஆசிரியப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்லோவும் பிறரும் சேர்ந்து அதை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். பாலசகியிடம் சென்ற குழந்தைகள் முன்னேறினர். அவர்கள் வெளியே சென்றமையால் வகுப்பில் கூட்டம் குறைந்தது. ஆனால் வகுப்பில் எஞ்சியிருந்தவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. இஃது என்னைச் சிந்திக்கவைத்த செய்தி. எண்ணிக்கை குறைவதால் மட்டும் ஒன்றும் நிகழ்வதில்லை. குழந்தை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு ஒருவர் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசியாக நின்றது தருமபுரி. மாநிலத்தில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர், இங்கே 68.54. பெண்களை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ 60. நம் தேர்ச்சி விழுக்காடுகள் உயர்ந்துவருவதை நான் அறிவேன், மகிழ்கிறேன். ஆனால் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போகும் குழந்தைக்கு அந்த அறுபதும் நாற்பதும் பொருளுடையவை. தாய் பெங்களூரில் கட்டட வேலையிலும் தந்தை திருப்பூரிலும் இருக்க, பாட்டியோடு வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பதை இவ்வவையில் உள்ள ஆசிரியர்கள் என்னைவிட நன்கறிவர். பாடத்தில் ஐயம் எழுந்தால் அப்பிள்ளை யாரைக் கேட்கும்?

நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு முதல், பள்ளிகள் மூடிக்கிடந்தன. அதன் பின்னர்த் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிற்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலை வேளையில், அவரவர் தெருவிலேயே, தன்னார்வலர்கள் ஒன்றரை மணி நேரம் வரை சொல்லிக்கொடுத்தனர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஓர் ஆய்வு, இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்திற்குள் மீண்டது என்றும், அம்மீட்சியில் கால்பங்களவு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டது. புள்ளிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அத்தன்னார்வலர்களுள் ஒருத்தி என் மாணவி.

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர். வகுப்பில் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். விடை அவள் உதட்டளவில் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் என் அறை வாசலில் நெடுநேரம் நின்றிருந்தாள். கையில் ஒரு குறிப்பேடு. “அம்மா, ஒரு பையன் படிக்கிறது எனக்குப் புரியவில்லை” என்றாள்.

ஐந்தாம் வகுப்புச் சிறுவன். ‘மலை’ என்னும் சொல்லை ‘மைல’ என்று படிக்கிறான். ‘தலை’ அவனுக்குத் ‘தைல’. ‘படை’ என்பது ‘பைட’. ‘இலை’ என்று எழுதிக் காட்டினால் வாயடைத்து நிற்கிறான். ஆனால் ‘கை’, ‘பை’, ‘மை’ ஆகியவற்றைப் பிழையின்றிப் படிக்கிறான். பள்ளியில் அவன் வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும். ஆகவே வாய் திறப்பதை அவன் நிறுத்திவிட்டான். இவற்றையெல்லாம் அவள் வரிசையாகக் குறித்து வைத்திருந்தாள்.

முனைவர் பட்டம் பெற்ற எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே சொன்னாள்: “ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது. அவன் அதை இடப்பக்கத்து எழுத்தோடு சேர்த்துக்கொள்கிறான் அம்மா. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் இடப்பக்கத்தில் எழுத்து இல்லை. அதனால் சரியாகப் படிக்கிறான். ‘இ’யோடு சேர்த்தால் ஓசையே வரவில்லை, அதனால் நின்றுவிடுகிறான்.”

என்ன கூர்மை! கால் வாங்கும் எழுத்துகளில் குறி வலப்பக்கம் நிற்கிறது. கொம்பும் ஐகாரமும் இடப்பக்கம் நிற்கின்றன. குறி எப்போதும் தனக்கு முன்னுள்ள எழுத்தையே சாரும் என்று அச்சிறுவன் ஒரு விதி செய்துகொண்டான். என் மீதிக் கணக்கைப் போல. அவனிடம் அறிவு இல்லாமலில்லை. தவறான விதியொன்றைச் சிறிதும் பிறழாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தான். இங்கே ஒரு செய்தியை இடைச்செருகலாகச் சொல்லலாம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ளை, ணை, னை ஆகிய நான்கும் எழுத்தின் தலையிலேயே துதிக்கை போன்ற வளைவைக் கொண்டிருந்தன. அப்பழைய வடிவில் ‘மலை’யை இவ்வாறு பிரித்துப் படிக்க வழியில்லை, ‘படை’யை அன்றும் படித்திருக்கலாம். சீர்திருத்தத்தை நான் குறைகூறவில்லை. ஒவ்வோர் எழுத்து முறையும் தனக்கேற்ற இடறலைக் கொண்டிருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

அவள் செய்தது எளியது. ஒரு தாளை நறுக்கிக் கொடுத்து, முன்னெழுத்தை மூடிக்கொண்டு குறியிலிருந்து படிக்கச் சொன்னாள். இரண்டு வாரத்தில் தாள் தேவையற்றுப் போயிற்று. ஒரு மாதம் கழித்து அவன் பள்ளியில் தானாகவே கைதூக்கி ஒரு பத்தியைப் படித்திருக்கிறான். அன்று மாலை மையத்துக்கு ஓடி வந்து அவளிடம் சொன்ன முதற்செய்தி, “இன்னிக்கு யாரும் சிரிக்கலை டீச்சர்” என்பது.

தன்னம்பிக்கை என்னும் சொல்லை நாம் மேடைகளில் மிகுதியாகப் பயன்படுத்திவிட்டோம். உன்னால் முடியும் என்று முழங்கினால் அது பிறந்துவிடும் என்று எண்ணுகிறோம். அச்சிறுவனிடம் அவ்வாறு நூறு முறை சொல்லியிருந்தாலும் அவன் ‘மைல’ என்றுதான் படித்திருப்பான். திறன் முன்னே வந்தது. நம்பிக்கை அதன் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னே வந்தது. எனினும் முழுவதும் அவ்வாறே என்றும் சொல்லிவிட முடியாது. சிரிக்காத ஒருவர் முன் தவறிழைக்கும் உரிமை முதலில் கிடைத்தமையால்தான் அவன் வாயையே திறந்தான். எது முன், எது பின் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

அம்மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்று அழைக்கத் தொடங்கினர். அவளைவிட மூத்த பெண்கள், பேருந்துப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொடு என்று வந்தனர். துறைக் கருத்தரங்கில் அந்த ‘மைல’வைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள், தலை நிமிர்ந்து பேசினாள். அப்போது அவள் வீட்டில் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாதந்தோறும் ஆயிரம் ரூபாயை அவள் தந்தையிடம் கொடுத்ததும், தெருவே அவளை மதித்ததும் சேர்ந்து அப்பேச்சை இரண்டாண்டு தள்ளிப்போட்டன. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தள்ளிப்போயிற்று, அதற்குள் பட்டம் முடித்தாள், இப்போது கல்வியியல் பயில்கிறாள். அவ்வூர் மையம் பின்னர் நின்றுபோயிற்று. விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஊதியமின்றி ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்லிக்கொடுப்பவரையும் தனிப்பாடம் வளர்க்கும் என்பது புதுச்செய்தியன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் ஆதரவற்றோர் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் நூலாக எழுதி வெளியிட, அது சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்து சென்றது.

இதுவரை நான் புகழ்ந்தது ஒரு வகைத் தனிப்பாடத்தை. மற்றொரு வகையும் உண்டு. நான் மேல்நிலை வகுப்பில் பயின்றபோது ஓர் ஆசிரியர் வகுப்பில் கணக்கின் முதற்பாதியைப் போடுவார். மறுபாதி மாலையில் அவர் வீட்டில். பணம் கட்டியவர் முழுக்கணக்கும் கற்றனர். கட்டாதவர் பாதியோடு நின்றனர். ஊரும் பெயரும் வேண்டா. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று தடுப்பது இதனை எண்ணித்தான். பீகாரிலும் மேற்கு வங்கத்திலும், 2022ஆம் ஆண்டு அசர் அறிக்கையின்படி, சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் கட்டணம் செலுத்தித் தனிப்பாடம் சென்றனர். அங்கே தனிப்பாடம் இரண்டாவது பள்ளியாகிவிட்டது. இரண்டாவது கட்டணமும் ஆகிவிட்டது. நம் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனால் நகரத்துத் தெருக்களில் ஓர் அறைக்குள் நாற்பது பேரை அடைத்து வினாவங்கி ஒப்பிக்கச் செய்யும் இடங்களுக்கும் டியூஷன் என்றுதான் பெயர். வகுப்பறையின் குறை யாதோ அதனையே காசுக்கு மறுபடியும் விற்பது அது. அங்கே மதிப்பெண் கிடைக்கலாம். அழிக்கும் கையைக் காண்பவர் அங்கே இல்லை.

மேதைகள் யாவரும் நல்ல தனியாசிரியர் ஆவர் என்றும் எண்ணற்க. கணித மேதை இராமானுசன், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராவதற்கு முன், மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க முயன்றார். பாடத்திட்டத்தின் கரையில் நிற்க அவரால் இயலவில்லை. மாணவரை விட்டு அவர் தம் ஆழத்துக்குப் போய்விடுவார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய எங்கள் அக்கா, இந்த ஒரு தொழிலில் மட்டும் இராமானுசனை வென்றவர். அவருக்கு அந்தக் கணக்கு எங்கே இடறும் என்பது தெரியும். அவரே அங்கு விழுந்தவர்.

அரூர்ப் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993இல் அங்கே சென்று பழங்குடி மக்களுக்கென மருத்துவமனை அமைத்த வரலாற்றை அறிவீர்கள். அதே பள்ளத்தாக்கில் ‘துளிர்’ என்னும் கற்றல் மையம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை நேரக் கல்வியைத் தொடங்கி நடத்தியது. படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்குக் கைத்தொழில் சார்ந்த பயிற்சியும் தந்தது. பாடநூலைத் திரும்பச் சொல்லுவதோடு நில்லாமல், கையால் செய்து பார்த்துக் கற்பதற்கு அங்கே இடம் இருந்தது. நம் மாவட்டத்தில் இது முடியுமா என்று கேட்பவர்க்கு நான் சுட்டுவது அந்தப் பள்ளத்தாக்கை.

இனி ஒரு விண்ணப்பம். நம் வட்டம் கூடும் இக்கூடம் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டுமே திறக்கிறது. எஞ்சிய மாலைகளில் பூட்டிக்கிடக்கிறது. இங்கே அமர்ந்திருப்போருள் ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர். கல்லூரி மாணவியர் இருபது பேருக்குக் குறையாது. பத்தாம் வகுப்பில் தவறி வீட்டிலிருக்கும் தங்கையரும் ஓரிருவர் இருக்கலாம். அவர்களையே நான் முதலில் அழைக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம். ஒருவருக்கு நான்கு பிள்ளைகள். அதற்கு மேல் வேண்டா. கட்டணம் வேண்டா. தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டில் பேசும் பிள்ளைகளுக்கு ழகர ளகரம் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் கற்பிக்க வேண்டா, பிள்ளை எவ்விடத்தில் தயங்குகிறது என்பதை மட்டும் அம்மாணவியைப் போல ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. விழா முடிந்ததும் அவர் என்னைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.